அடுத்த ஊரின் மணல்

மணல்மேல் வீடு கட்டிய அறிவிலியைப் பற்றி நாம் கேளாத மறையுரை இல்லை. மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வரும் அவ்வுவமையால், மணல் என்றாலே நிலையாமை, உறுதியின்மை, மடமை என்னும் பொருள் நம் உள்ளத்தில் படிந்துவிட்டது. ஆனால் விவிலியத்தில் மணலுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அதை நம் மறையுரைகள் அதிகம் எடுத்துரைப்பதில்லை. கடலுக்கு எல்லையாகக் கடவுள் வைத்தது மணலையே என்கிறார் எரேமியா, தம் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில். காற்றில் பறக்கும், காலடியில் நழுவும் மணலே எல்லை. அலைகள் எத்துணை கொந்தளித்தாலும் அதனைக் கடக்க இயலாது என்பது அவர் வாக்கு.

அதே விவிலியத்தின் இணைச்சட்ட நூல், அடுத்திருப்பவனின் எல்லைக் கல்லை நகர்த்தாதே என்று 19ஆம் அதிகாரத்தில் கட்டளையிடுகிறது. நகர்த்துவோன் சபிக்கப்பட்டவன் என்று 27ஆம் அதிகாரத்தில் கூறுகிறது. வயலுக்கு எல்லை கல். கரையூருக்கு எல்லை மணல். வயலின் எல்லைக் கல்லை நள்ளிரவில் பெயர்த்து நடுபவனைத் திருடன் என்கிறோம். அடுத்த ஊருக்குச் சேர வேண்டிய மணலைப் பட்டப்பகலில், அரசுச் செலவில், மாலை மரியாதையோடு மறித்து வைப்போரை என்னவென்பது? இக்கேள்வியை எழுப்பவே இக்கட்டுரை. கேட்கப்படுவோரில் நாமும் அடக்கம் என்பதால் இது கசக்கும். கசந்தாலும் கேட்டே ஆக வேண்டும்.

கடல் அரிக்கிறதா?

'கடல் அரிப்பு' என்கிறோம். 'கடல் சீற்றம்' என்கிறோம். ஊர் அழியும்போது குற்றவாளிக் கூண்டில் கடலை ஏற்றிவிட்டால் மனிதர் யாவரும் தப்பிவிடலாம். சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, இது ஆண்டவரின் தண்டனை என்று பழியை அவர்மேலேயே போடுகின்றனர். எனவே அலை உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிவோம்.

ஆழ்கடலில் அலை சுமந்து வருவது நீரை அன்று, ஆற்றலை. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காக ஆழம் குறைந்ததும் அலை நிற்கமாட்டாமல் உடைகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். நெடுந்தொலைவு கடந்து வந்த ஆற்றல் அனைத்தும் கரையோரத்தின் அந்தக் குறுகிய பட்டைக்குள் கொட்டித் தீர்கிறது. அங்கே அடிமணல் கலங்கி எழுகிறது. எழுந்த மணல் இரு வழிகளில் பயணம் செய்கிறது.

முதல் வழி, கரைக்கும் கடலுக்கும் இடையே. பெருங்காற்றுக் காலத்தில் உயர்ந்த அலைகள் கரைமணலை இழுத்துச் சென்று, சற்றுத் தொலைவில் நீருக்கடியில் திட்டாகக் குவிக்கின்றன. அடுத்து வரும் பேரலைகளைத் தொலைவிலேயே உடையச் செய்து கரையைக் காப்பது அத்திட்டே. காற்றுத் தணிந்த பின்னர் வரும் தாழ்ந்த, நீண்ட அலைகள் அம்மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பித் தருகின்றன. கடல் கடன் வாங்குகிறது; வாங்கிய கடனைப் பெரும்பாலும் திருப்பியும் விடுகிறது.

இரண்டாம் வழி, கரையை ஒட்டியபடியே. அலை கரைக்கு நேராக வருவது அரிது; சற்றே சாய்ந்துதான் வரும். சாய்ந்து வந்து உடையும் அலை, கரையோரமாய் ஓடும் ஒரு நீரோட்டத்தை உண்டாக்குகிறது. கலங்கிய மணலை அவ்வோட்டம் அள்ளிச் செல்கிறது. அதனோடு, நுரை கரையேறும்போது சாய்வாக ஏறி, இறங்கும்போது சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் மணல்மணி பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைக்கிறது. கோமார், இன்மன் என்னும் ஆய்வாளர் இருவர் கலிபோர்னியக் கரையிலும் மெக்சிகோக் கரையிலும் சாயமேற்றிய மணலை இட்டு, அது நகர்ந்த விதத்தை அளந்து 1970-இல் வெளியிட்டனர். அலையின் உயரம் இரட்டித்தால் நகரும் மணல் ஐந்து மடங்குக்கும் மேலாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு.

சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கி நகர்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. அது ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர். ஆகவே, நம் ஊர்க் கரையில் கிடக்கும் மணல் நம் ஊருக்கே உரிய மணல் அன்று. நேற்று அது தெற்கே இருந்தது. நாளை வடக்கே இருக்கும். மணல் நகராது கிடப்பதால் கரை நிலைக்கிறது என்று எண்ணாதீர்கள். போகும் மணலுக்கு ஈடாக மணல் வந்துகொண்டே இருப்பதால்தான் கரை நிலைக்கிறது.

இந்த வழிப்போக்கனை ஓரிடத்தில் கல்லால் மறித்தால் என்னவாகும்? மறித்த இடத்துக்கு இப்பால் மணல் குவியும். அப்பால், அலை வழக்கம்போல் மணலை எடுத்துச் செல்லும். ஆனால் ஈடு வாராது. அவ்விடத்தில் கரை தேயும். நேற்றுச் செய்ததையே கடல் இன்றும் செய்கிறது. புதிதாக வந்தது நாம் போட்ட கல்.

தோமையார் கரையும் இராயப்பர் கரையும்

சென்னையைப் பாருங்கள். அங்கே செயற்கைத் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-இல் வீசிய புயல் கட்டியதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கடலுக்குள் நீண்ட அக்கற்கரங்கள் தெற்கிலிருந்து வந்த மணலை மறித்தன. தென்புறம் மணல் ஏறிக்கொண்டே போயிற்று. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை அமைத்து, மெரினா என்று பெயரிட்டார். இன்று நாம் பெருமை பேசும் அம்மணல்வெளியின் பரப்பு, பெரும்பாலும் துறைமுகம் மறித்துத் தந்த பரப்பு.

அம்மணல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் எது? வடக்கே இருந்த இராயபுரம். திருத்தூதர் பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தனர். அவர் பெயரால் அங்கு எழுந்த ஆலயமே ஊருக்குப் பெயர் தந்தது. படகுத் தொழில் செய்த நம் மக்கள் எழுப்பிய ஆலயம் அது. தெற்கே தோமையாரின் கல்லறை அமைந்த சாந்தோம். வடக்கே மீனவரான இராயப்பரின் பெயர் தாங்கிய இராயபுரம். கடல் ஒன்று, அலை ஒன்று, திருச்சபை ஒன்று. இடையே ஒரு துறைமுகம். தென்புறம் கரை வளர்ந்தது. வடபுறம், இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கி, தலைமுறை தலைமுறையாகக் கரை தேய்ந்தது. குடியிருப்பும் தெருவும் வலை உலர்த்திய வெளியும் கடலுக்குள் போயின. தென்புறத்தார்மேல் கடல் அன்பு கொண்டதா? வடபுறத்தார்மேல் வஞ்சம் கொண்டதா?

பொறியாளர்கள் இதனை அறியாதவர்களும் அல்லர். குவிந்த மணல் கிழக்கு நோக்கித் திறந்திருந்த துறைமுக வாயிலை அடைக்க வந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாயிலையே மூடி, வடகிழக்கில் புதிய வாயில் திறந்தனர். கப்பலைக் காக்க வாயிலையே இடம் மாற்றத் தெரிந்தவர்களுக்கு, மறிபட்ட மணல் யாருடையது என்று கேட்கத் தெரியாமற் போயிற்று. அவர்களுடைய கணக்கில் சரக்கு இருந்தது. இராயபுரத்துக் கட்டுமரக்காரன் இல்லை.

ஒரு நூற்றாண்டு கழித்துப் புதுச்சேரி அதே பாடத்தை மீண்டும் படித்தது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தென்புறம் சேரும் மணலை எடுத்து வடபுறம் சேர்க்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. சுவர் எழுந்தது, மணலை அப்பால் சேர்க்கும் பணி ஒழுங்காக நடைபெறவில்லை. நகரின் மணற்கரை மறைந்தது. கற்களைக் கொட்டினர். கல் முடிந்த இடத்தில் தேய்வு தொடங்கியது. வைத்திக்குப்பம், சோலைநகர் என்று அது வடக்கே சென்றது, அங்கும் கல். பிறகு தமிழக எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். கல்லும் அழிவும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வடக்கே நடந்தன. ஒவ்வோர் ஊரும் தன்னைக் காத்துக்கொண்டது. ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊருக்கு அழிவை அனுப்பி வைத்தது.

நம் முற்றத்தைப் பார்ப்போம்

துறைமுகம் கட்டியவரைக் குறை கூறுவது எளிது. இனி நம் முற்றத்தைப் பார்ப்போம். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டப்படும் கற்சுவருக்குத் 'தூண்டில் வளைவு' என்று பெயர். நம் கரையூர்களில் அது இன்று ஒரு மந்திரச் சொல். கரை தேய்ந்ததும் பங்குப் பேரவை கூடுகிறது. மனு எழுதப்படுகிறது. சாலை மறியலில் பங்குத்தந்தை முன்னிற்கிறார். தேர்தல் நெருங்கியிருந்தால் அமைச்சரும் வருகிறார். லாரி லாரியாய்க் கல் வருகிறது. தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறோம். மறு ஆண்டு நம் கரையில் மணல் சேர்ந்ததும் பாதுகாவலரின் புதுமை என்று நன்றித் திருப்பலி நிறைவேற்றுகிறோம். சில ஆண்டுகளில் அடுத்த ஊரின் படகுத்துறை கரைகிறது; அவ்வூர்க் கெபியின் படிக்கட்டை அலை தொடுகிறது. அவர்களும் மனு எழுதுகின்றனர். நம் நன்றித் திருப்பலியில் நாம் வைத்த காணிக்கை அவர்களுடைய மணல் என்பதை யார் எண்ணிப் பார்த்தோம்?

கல் பெற்ற ஊராவது வாழ்ந்ததா என்றால், அதுவும் ஐயமே. கரையை ஒட்டி எழுப்பும் கற்சுவரில் மோதும் அலை, மணற்சரிவில் ஏறித் தணிவதுபோல் தணிவதில்லை, திருப்பி அடிக்கிறது. சுவரின் அடிமணலை அது வாரிச் செல்கிறது, கல் சரிகிறது, மீண்டும் கல் கேட்கிறோம். சுவருக்குப் பின்னால் வீடு நிற்கிறது, உண்மைதான். ஆனால் கட்டுமரம் ஏற்ற மணல் இல்லை. கரைமடி இழுக்க மணல் இல்லை. கருவாடு காயவைக்கவும் பிள்ளைகள் விளையாடவும் மணல் இல்லை. வீட்டைக் காத்துத் தொழிலை இழந்த இந்நிலைக்குப் பாதுகாப்பு என்று பெயர். குன்றை உடைத்துக் கல் அனுப்பும் ஒப்பந்தக்காரருக்கு மட்டும் இதில் ஒரு நாளும் இழப்பு இல்லை.

விழிஞ்ஞம் துறைமுகப் பணியை எதிர்த்து, திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின் மீனவ மக்கள் 2022-இல் மாதக்கணக்கில் போராடினர். தங்கள் கரை தேய்வதற்கு அப்பணியே காரணம் என்று அவர்கள் முறையிட்டனர். துறைமுகத் தரப்பினர் அதை மறுத்தனர். பணியை நிறுத்திவிட்டுக் கடற்கரைக்கு நேரும் விளைவை ஆராயுங்கள் என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் முதன்மையானது. நம்முள் அதற்குத் தலையசைக்காதவர் எத்தனை பேர்? பெருந்துறைமுகத்தை நோக்கி எழுப்பிய அந்த நேர்மையான கேள்வியை நம் ஊர்த் தூண்டில் வளைவின் முன் நின்று நாம் ஏன் எழுப்புவதில்லை? கல் சிறிதானால் களவு களவாகாதா?

மறுப்பார்க்கு மறுமொழி

"இன்றிரவு வீடு விழப்போகிறது, நீர் மணல் கணக்குப் பேசுகிறீரோ?" என்று கரையூர்ச் சகோதரர் கேட்கலாம். கேட்பது நியாயமே. தீப்பற்றிய வீட்டின்முன் தண்ணீர் எவர் கிணற்றுத் தண்ணீர் என்று யாரும் விசாரிப்பதில்லை. விழவிருக்கும் வீட்டைக் காக்க அவசரமாய்க் கல் இடுவதை நான் எதிர்க்கவில்லை. அவசரச் சிகிச்சையையே ஆயுள் மருத்துவமாக்குவதை எதிர்க்கிறேன். அதன் விலையை, நம்மைப்போன்றே ஏழைகளான அடுத்த ஊரார்மேல் சுமத்துவதை எதிர்க்கிறேன்.

"உலகம் வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்கிறதே; அதற்குக் கல்லா காரணம்?" என்று படித்தவர் கேட்கலாம். கடல்மட்டம் உயர்வது உண்மை. வருங்காலத்தில் நம் துயரை அது மிகுவிக்கும் என்பதும் உண்மை. ஆனால் சுவரின் இருபுறமும் அது ஒருசேரவே உயர்கிறது. ஒருபுறம் கரை வளர்வதையும் மறுபுறம் தேய்வதையும் அதனால் விளக்க இயலாது. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2016 வரை நிகழ்ந்த மாற்றங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தேய்ந்தது என்கிறது அது. கால் பங்குக்கும் மேலான கரை வளர்ந்தது என்றும் அதே அறிக்கை கூறுகிறது. கடல் எங்கும் ஒரேயடியாய் விழுங்குகிறது என்போர் இந்த இரண்டாம் பாதியை ஏன் சொல்வதில்லை? ஆறுகளில் அணை கட்டியும் ஆற்றுமணலை அள்ளியும் கரைக்கு வரும் புதுமணலைக் குறைத்தவரும் நாமே. இருப்பதோ குறைந்த மணல். அதனையும் மறித்துக்கொண்டால் அடுத்தவனுக்கு எது மிஞ்சும்?

"ஏழை மீனவனைக் குற்றம் சாட்டுகிறீரே" என்றும் சிலர் சினக்கலாம். முதற்குற்றம் அவனுடையது அன்று. ஆனால் அநீதிக்கு ஆளானவன் அதனைத் தன்னிலும் எளியவனிடம் தள்ளிவிட்டால் அநீதி தீர்வதில்லை; இடம் மாறுகிறது, அவ்வளவே. மண்ணுலகின் பொருள்கள் எல்லா மனிதருக்கும் பொதுவாக அளிக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது. பூமியின் கதறலையும் ஏழைகளின் கதறலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் வற்புறுத்தினார். ஊர்விட்டு ஊர் நடக்கும் மணலைவிடப் பொதுவான பொருள் வேறொன்று உண்டோ? எவர் பட்டாவிலும் அது இல்லை.

என்ன கேட்க வேண்டும்?

கல் வேண்டாம் என்றால் வேறு எதைக் கேட்பது? மணலைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீடு ஆற்று முகத்துவாரத்தில் 1960-களில் சுவர்களை நீட்டியபின், வடக்கே கோல்ட் கோஸ்ட் கரைகள் தேய்ந்தன. 2001 முதல் தென்புற மணலைக் குழாய் வழியே வடபுறத்துக்குச் செலுத்துகின்றனர். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்கெனத் தூர்வாரும் மணலை நகரின் கடற்கரையில் சேர்த்து வந்திருக்கின்றனர். புதுச்சேரியிலேயே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீரில் மூழ்கிய ஒரு தடுப்பை அமைத்து, மணலையும் இட்டு, 2018-19-இல் தலைமைச் செயலகத்தின் எதிரே மணற்கரையை மீண்டும் காட்டியது. செய்ய இயலும், செய்ய வைக்க வேண்டும்.

மணலை மறிக்கும் எந்தத் துறைமுகமும், மறித்த மணலை அப்பால் சேர்க்கும் கடமைக்கு உட்பட்டது. அது சலுகை அன்று, கடன். ஆண்டுதோறும் அக்கடன் அடைக்கப்படுகிறதா என்று கேட்போம். தூண்டில் வளைவு தவிர்க்க முடியாதது என்றால், கட்டும்போதே வெளியிலிருந்து மணல் கொணர்ந்து அதன் மடியை நிரப்பச் சொல்வோம். நிரம்பிய மடி வழிப்போகும் மணலை அதிகம் பிடித்து வைக்காது. அடுத்த ஊரும் பட்டினி கிடக்காது. ஒரே ஊரைப் பார்த்து வரையும் திட்டத்தை ஏற்க மாட்டோம். இருபுறத்து ஊர்களையும் சேர்த்து ஆராய்ந்த பின்னரே கல் இறங்கட்டும். இறுதியாக, கரையிலுள்ள மணல்மேடுகளைச் சமன் செய்து சாலையும் மண்டபமும் எழுப்பாதிருப்போம். பெருங்காற்றுக் காலத்தில் கடல் கடன் கேட்டு வரும்போது எடுத்துக் கொடுக்க நமக்குள்ள சேமிப்பு அம்மேடுகளே. சாலையும் மண்டபமும் ஆலயத்துடையனவாயினும் இதில் விலக்கு வேண்டாம்.

இவற்றை ஓர் ஊர் தனியே கேட்டால் எடுபடாது. ஆனால் நம் மறைவட்டங்கள் கரைநெடுக ஒரே கயிற்றில் கோத்த மணிகளாய் இருக்கின்றன. திருவிழாக் கொடியேற்றத்துக்கு அடுத்த பங்கை அழைக்கிறோம், தேர்ப்பவனிக்கு அழைக்கிறோம், மனு எழுத மட்டும் தனியே அமர்கிறோம். பொதுநிலையினராகிய நாம் இதை மாற்றலாம். இதற்கு ஆயரின் ஆணையோ அரசின் அனுமதியோ தேவையில்லை.

அடுத்த முறை உங்கள் பங்கில் தூண்டில் வளைவு கேட்டு மனு சுற்றி வரும்போது, கையொப்பமிடுவதற்குமுன் அதன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மணல் நகரும் திசையிலுள்ள அடுத்த ஊரின் கையொப்பம் அங்கே இருக்கிறதா? இல்லையெனில் மனுவை எடுத்துக்கொண்டு அவ்வூருக்கு நடந்து செல்லுங்கள். கரை வழியாகவே செல்லுங்கள். உங்களோடு மணலும் வரும்.